திரையா, ட்ராக்கா, லைவ் பேண்டா? டெல்டாவில் ‘சூப்பர்ஸ்டார்’ நடத்த நினைப்பவர்களுக்கு

இயேசுவின் கடைசி நாட்களை, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ ராக் இசை நாடகத்தின் மேல் பித்துப் பிடித்தவர்கள் ஓர் ஊரில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் அடுத்து வரும் ஆசை ஒன்றுதான்: இதை நம் ஊர்க்காரர்களும் கேட்க வேண்டும். தஞ்சாவூரோ கும்பகோணமோ மயிலாடுதுறையோ, அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பதிவான நிகழ்ச்சியைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டலாம். பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் பதிவான ட்ராக்கை ஓடவிட்டு அதன் மேல் பாடலாம். அல்லது பேண்ட் வைத்து, செட்டும் உடையும் இல்லாமல், கச்சேரியாகவே நேரடியாகப் பாடலாம். நடிப்பு, நடனம், செட் என்று முழு நாடகமாகப் போடுவது நான்காவது வழி. முதல் தடவையிலேயே அதில் இறங்க வேண்டாம். பாட்டு தேறுவதற்குள் ஆளும் பணமும் தீர்ந்துவிடும்.

எங்கள் பரிந்துரை கச்சேரிதான். நாடகம் போட முடியாததால் கச்சேரி என்று யாரும் நினைக்க வேண்டாம். டிம் ரைஸ் எழுதி ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த இந்தப் படைப்பு முதலில் வந்தது இசைத்தட்டாகத்தான். 1969-ல் மர்ரே ஹெட் குரலில் ஒரே ஒரு பாட்டு. 1970-ல் இரட்டை இசைத்தட்டு. அதில் இயேசுவாகப் பாடியவர் டீப் பர்ப்பிள் ராக் குழுவின் இயன் கில்லன். 1971 ஜூலையில் பிட்ஸ்பர்கில் கச்சேரிச் சுற்றுப்பயணம் கிளம்பியது. நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகமாக ஏறியது அதற்குப் பிறகு, அக்டோபர் 12-ல். வசனம் என்று தனியாகக் கிடையாது, கதை முழுக்கப் பாட்டிலேயே நகர்கிறது. இந்த முறை டெல்டாவுக்குப் பழகியது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை, ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், திருவையாற்றில் தியாகராஜர் செய்த நௌகா சரித்திரம் எல்லாமே பாட்டால் கதை சொல்பவை. மெலட்டூர் பாகவத மேளாவை விடிய விடியப் பார்த்துப் பழகிய மண்ணில், ஒன்றரை மணி நேரம் பாட்டாகவே ஒரு கதை ஓடினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

திரையிடல்

செலவு குறைவு, ஒத்திகை தேவையில்லை, உலகத் தரத்தில் பாட்டு கேட்கும். 8 அடி அகலத் திரைக்கு, இருட்டான ஹாலில் 3000 லூமன் ஒளி தரும் புரொஜெக்டர் போதும். திறந்த வெளி என்றால் நன்றாக இருட்டிய பிறகே தொடங்க முடியும். ஒலிக்குப் புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரை நம்பவே கூடாது. பேஸ் கிட்டார் கேட்காத ‘சூப்பர்ஸ்டார்’ பாதி ‘சூப்பர்ஸ்டார்’தான். 15 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டை வாடகைக்கு எடுத்துத் திரைக்கு இருபுறமும் நிறுத்துங்கள்.

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(எல்) பிரிவு, தொழில்முறை அல்லாத கழகமோ சங்கமோ கட்டணம் வாங்காமல் இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளை நிகழ்த்திக் காட்ட இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் சினிமாப் படம் இல்லை. எனவே டிஸ்க்கையோ ஓடிடி சந்தாவையோ வைத்து ஊருக்குப் படம் காட்டுவது இந்தச் சலுகைக்குள் வராது, தனியாக உரிமம் வேண்டும். வீட்டுக்கூடத்தில் நண்பர்கள் பார்ப்பது வேறு விஷயம்.

அதனால் திரையிடலை ஊருக்கான நிகழ்ச்சியாக வைக்காமல், பாடப்போகிறவர்களுக்கான பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. எதைப் பார்ப்பது என்பதும் முக்கியம். 1973-ல் நார்மன் ஜுவிசன் எடுத்த படத்தில் டெட் நீலியும் கார்ல் ஆண்டர்சனும் உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறார்கள். குரலுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஆனால் அது பாலைவனத்தில் எடுத்த சினிமா, மேடைக்கு வழி காட்டாது. மேடைக்கு 2012 அரங்கச் சுற்றுப்பயணத்தின் பதிவைப் பாருங்கள். டிம் மின்ச்சின் யூதாசாக வருகிறார். பேண்டையும் பாடகர்களையும் ஒரே மேடையில் எப்படி நிறுத்துவது, கூட்டுக்குரல் எங்கிருந்து நுழைவது என்பதெல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியும்.

ட்ராக் மேல் பாடுவது

பலர் முதலில் நினைப்பது இதைத்தான், ஏனென்றால் பேண்ட் தேட வேண்டாம். இரண்டு மூன்று பாட்டுக்கு இது ஒத்துவரும். மகதலேனா மரியாளின் ‘ஐ டோன்ட் நோ ஹவ் டு லவ் ஹிம்’ பாட்டையோ ஏரோது மன்னனின் பாட்டையோ ட்ராக்கில் அழகாகப் பாடிவிடலாம். தாளம் பெரும்பாலும் சீராக ஓடுகிறது, ஒருவர் மட்டுமே பாடுகிறார்.

மற்ற இடங்களில் ட்ராக் கழுத்தைப் பிடிக்கும். யூதாசும் இயேசுவும் சண்டை போடும் இடங்களில் பாட்டு பேச்சுப் போல இழுத்தும் விரைந்தும் போகிறது. மேடையில் ஒருவர் ஒரு தாள அடி தாமதமாக நுழைந்தால் பேண்ட் காத்திருக்கும். ட்ராக் காத்திருக்காது. அடுத்த வரியில் பிடித்துக்கொள்ளலாம் என்று பாடகர் தடுமாறுவதற்குள் எதிராளியின் வரி வந்துவிடும்.

சுருதி இன்னொரு தொல்லை. ‘கெத்செமனி’ பாட்டில் இயேசுவின் உச்ச சுரம், மேற்கத்திய சுரக்கணக்கில் ஜி5 என்னும் மிக உயர்ந்த இடம் வரை போகிறது. நம் ஊர் ஆண்குரலில் அதை எட்டிப்பிடிப்பவர் அபூர்வம். ட்ராக்கை மென்பொருளில் இறக்கலாம். ஆனால் மூன்று அரைச்சுரத்துக்கு (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) மேல் இறக்கினால் ஸ்னேர் டிரம் தகரம் தட்டியது போல் ஆகும், கிட்டார் குழறும்.

ட்ராக்கில்தான் பாடப்போகிறோம் என்று முடிவாகிவிட்டால் இவற்றைக் கட்டாயம் செய்யுங்கள். ப்ளூடூத்தில் ஓட்டாதீர்கள். ஒலி பத்தில் ஒரு பங்கு விநாடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதிக்கும், இடையில் அறுந்தும் போகும். லேப்டாப்பிலிருந்து ஒயர் இழுங்கள். ஸ்டீரியோவின் இடப்பக்கத்தில் இசையை மோனோவாகவும் வலப்பக்கத்தில் தாளம் எண்ணும் கிளிக் ஒலியையும் பதித்து, வலப்பக்கத்தைப் பாடகர்களுக்குக் கை காட்டும் ஒருவரின் ஹெட்போனுக்கு மட்டும் அனுப்புங்கள். போனில் ஓட்டுவதானால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சிலுவைக் காட்சியில் ரிங்டோன் கேட்கக்கூடாது.

லைவ் பேண்ட்

டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், இரண்டு கீபோர்ட். இந்த ஆறு பேர் போதும். இரண்டாவது கீபோர்ட் பித்தளை வாத்தியங்களுக்கும் வயலின் கூட்டத்துக்கும் ஈடு கொடுக்கும். ஆட்களுக்கு வெளியூர் போக வேண்டாம். சர்ச் காயரில் கீபோர்ட் வாசிப்பவர்களும், திருவிழா மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்களும் இந்த மாவட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள். கையில் வித்தை இருக்கிறது. மாற்ற வேண்டியவை சில பழக்கங்கள்தான்.

முதலாவது, கீபோர்டின் ஸ்டைல் பட்டன். மெல்லிசைக் குழுவில் ரிதமும் பேஸும் கீபோர்டிலேயே தானாக ஓடிப் பழக்கம். ‘எவ்ரிதிங்ஸ் ஆல்ரைட்’ ஐந்தடித் தாளம், ‘தி டெம்பிள்’ ஏழடித் தாளம். கீபோர்டோடு வரும் ஸ்டைல்களில் பெரும்பாலானவை நாலடியும் மூன்றடியும்தான், அவற்றைப் போட்டால் இரண்டாவது வரியிலேயே சறுக்கும். ஸ்டைலை அணைத்துவிட்டு டிரம்மரைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் டெல்டாவுக்கு ஒரு கொடுப்பினை. மேற்கத்திய இசை மட்டும் பயின்ற டிரம்மர் ஐந்தையும் ஏழையும் எண்ணி எண்ணி வாசிப்பார். மிருதங்கமோ தவிலோ பயின்றவருக்குக் ஐந்தடிக் கண்ட சாபுவும் ஏழடி மிஸ்ர சாபுவும் உடம்பிலேயே இருக்கின்றன. அப்படி ஒருவரை ஒத்திகைக்குக் கூப்பிட்டுக் கையால் தாளம் போடச் சொல்லி, பாடகர்கள் அனைவரையும் கூடவே தட்டவையுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: மிஸ்ர சாபு மூன்றும் நான்குமாகப் பிரிகிறது, பாட்டில் அழுத்தம் அதே இடத்தில்தான் விழும் என்று கொள்ளக்கூடாது. பதிவைக் கேட்டு, எந்தச் சொல்லில் அழுத்தம் என்று பாட்டுத்தாளில் கோடிட்டுவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

ரோம ஆளுநர் பிலாத்துவின் விசாரணையில் 39 கசையடிகள் எண்ணப்படுகின்றன. அந்த இடத்துக்கு ஒரு தவில் வைத்துப் பாருங்கள். டிரம்ஸில் அது அடியாக மட்டும் கேட்கும். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும்போது தோலில் படும் கீறல் கேட்கும். மைக்கைத் தவிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள், கிட்டே வைத்தால் ஒலியைக் கலக்கும் மிக்சரில் சிவப்பு விளக்கு அணையவே அணையாது.

குச்சியால் தட்டும் மின்னணு ஆக்டோபேடா, டிரம் கிட்டா? ஹாலுக்கு ஆக்டோபேட், வெட்டவெளிக்கு டிரம் கிட். மூடிய மண்டபத்தில் டிரம் கிட்டின் சிம்பல் ஒலி எல்லா மைக்கிலும் புகுந்து பாட்டு வரிகளை விழுங்கிவிடும். ஆக்டோபேட் நேராக மிக்சருக்குப் போகிறது, சத்தம் ஒலிக்காரரின் கையில் இருக்கும். மிக்சரில் எத்தனை இணைப்பு என்ற சேனல் கணக்கும் இடிக்காது: தனிப்பாடகர் மைக் 6, கூட்டுக்குரலுக்கு 3, ஆக்டோபேட் 2, பேஸ் 1, கிட்டார் 2, கீபோர்ட் 2. மொத்தம் 16. ஊர் மைக் செட்காரரிடம் கிடைக்கும் 16 சேனல் மிக்சரில் அடங்கிவிடும். பாட்டுக்கு நடுவே கதை சொல்லும் கட்டியங்காரரும் தவில்காரரும் தனிப்பாடகர் சும்மா இருக்கும் நேரத்தில் அவர் மைக்கையே எடுத்துக்கொள்ளலாம். டிரம் கிட்டுக்குக் குறைந்தது நாலு மைக் வேண்டும், அப்போது கணக்கு 18 ஆகி 24 சேனல் மிக்சர் தேட வேண்டிவரும். ஆனால் திறந்த மைதானத்தில் உண்மையான ஹை-ஹாட்டும் சிம்பலும் தரும் எழுச்சியை ஆக்டோபேட் தரவே தராது. மைதானம் என்றால் அந்தச் சிரமத்தைப் படுவதுதான் சரி.

சுருதியை இறக்குவது பேண்டுக்கு எளிது. இரண்டு அரைச்சுரம் இறக்க வேண்டுமா, கிட்டார்களையும் பேஸையும் அப்படியே ஒரு முழுச்சுரம் தளர்த்திச் சுருதி சேர்த்துக்கொண்டால் விரல்கள் பழகிய இடத்திலேயே வாசிக்கலாம். கீபோர்டில் அதே வேலையை ட்ரான்ஸ்போஸ் பட்டன் செய்யும். அந்தப் பட்டனால் கெட்டுப்போன கச்சேரிகள் ஏராளம், அடுத்த பாட்டுக்குப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிடுவார்கள். பாட்டுத்தாளின் தலைப்பிலேயே ‘ட்ரா. -2’ என்று சிவப்பில் எழுதுங்கள். இறக்காத பாட்டுக்கும் ‘ட்ரா. 0’ என்று எழுத வேண்டும்.

மைக்கும் மைக் செட்டும்

காதில் மாட்டும் ஹெட்செட் மைக் பார்க்க அழகுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை இறங்கிப் பாதியில் ஒலி மங்கும், யூதாஸ் அலறும் இடத்தில் ஒலி வெடிக்கும். கையில் பிடிக்கும் டைனமிக் மைக், ஒயரோடு, இதற்கெல்லாம் அசையாது. 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் மைக் ஒயர் இருந்தால் மேடை முழுக்க நடக்கலாம். கையில் மைக் இருப்பது நடிப்புக்கு இடைஞ்சல் என்று வருந்தவும் வேண்டாம். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் 2016-ல் டிமோதி ஷீடர் இயக்கியபோது பாத்திரங்கள் மைக்கைக் கையில் பிடித்தே பாடினார்கள், குருமார்களின் கோல்கள்கூட மைக் ஸ்டாண்டுகளாக இருந்தன. ராக் பாடகனின் மைக் இந்த நாடகத்துக்கு இயல்பான உடைமை.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை மூன்று. எக்கோவை அணைக்க வேண்டும். கோயில் விழா, கட்சிக்கூட்டப் பழக்கத்தில் அது எப்போதும் திறந்தே இருக்கும், ராக் பாட்டில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை மிதிக்கும். குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், பாக்ஸ் மட்டும். மேடை மேல் பாடகர்களைப் பார்த்து மானிட்டர் ஸ்பீக்கர் நாலு வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் ‘எதுக்கு சார்’ என்று தட்டிக்கழிப்பார்கள். விடாதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்துவார், முக்கால் மணி நேரத்தில் தொண்டை கட்டும், ‘கெத்செமனி’ வரும்போது குரலே இருக்காது.

இடம், மாதம்

கல்யாண மண்டபத்தில் மேடை, மின்சாரம், நாற்காலி, கழிப்பறை எல்லாம் தயாராக இருக்கும். எதிரொலிதான் பகை. 100 அடி நீள மண்டபத்தில் பின்சுவரில் மோதும் ஒலி மேடைக்குத் திரும்ப கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஒரு தாள அடிக்கே அரை விநாடிதான். திரும்பி வரும் ஒலி தாளத்துக்கு நடுவே விழுந்து டிரம்மரைக் குழப்பும். பின்சுவரில் கனமான ஷாமியானாத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள், மேடையில் ஜமக்காளம் விரியுங்கள், பாக்ஸ்களைப் பின்சுவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவர்களின் தலையைப் பார்க்கச் சற்றுக் குனித்து வையுங்கள். கூட்டம் நிரம்பினால் பாதி எதிரொலி தானே அடங்கும்.

மண்டபத்துக்கு மார்கழியும் ஆடியும் ஏற்ற மாதங்கள். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி.

மைதானத்துக்கு மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை மழை பேச்சுக்கே இடமில்லை. தை முழுக்கச் சம்பா அறுவடை, கூட்டுக்குரலில் பாதிப் பேர் களத்தில் இருப்பார்கள். ஆடிக் காற்றில் மைக் இரைந்துகொண்டே இருக்கும், பந்தல் துணி படபடக்கும். மாசி, பங்குனியில் வானம் தெளிவு, அறுவடை முடிந்த கையில் ஓய்வும் உண்டு. கிறிஸ்தவர்களின் தவக்காலமும் அப்போதே வருகிறது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் பார்த்து வளர்ந்த ஊர்களில் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்குத் தந்தையிடம் முதலிலேயே முழுக்கதையையும் சொல்லிவிடுங்கள். இந்த நாடகம் சிலுவையோடு, அடக்கத்தோடு முடிகிறது, உயிர்ப்பு இதில் இல்லை. யூதாசின் பக்கத்தையும் பேசுகிறது. 1971-லேயே இதற்காக எதிர்ப்பு வந்தது. பிறகு தெரிந்து மனம் வருந்துவதைவிட முன்பே பேசிக்கொள்வது மரியாதை. கும்பகோணத்தில் மாசி மகத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், ஒரு பாக்ஸ்கூட வாடகைக்குக் கிடைக்காது.

மின்சாரத்துக்கு ஒரு கணக்கு. ஒலிக்கு 4 கிலோவாட், 150 வாட் எல்இடி பார் விளக்கு 12 வைத்தால் 1.8 கிலோவாட், ஆக 6-க்குள். 10 கேவிஏ ஜெனரேட்டர் தாங்கும். 15 இருந்தால் நிம்மதி. மேடையிலுள்ள ஒலிச்சாதனங்கள் அத்தனைக்கும் ஒரே போர்டிலிருந்து, ஒரே எர்த்தோடு மின்சாரம் கொடுங்கள். கிட்டார் ஆம்ப் ஓரிடத்திலும் மிக்சர் வேறிடத்திலும் செருகப்பட்டால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும். அதைவிட மோசம், தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைக்கும் கிட்டார்காரருக்கு ஷாக் அடிக்கும். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கே ஆபத்து. எர்த் கம்பியை ஈரமான மண்ணில் ஆழமாக இறக்கித் தண்ணீர் ஊற்றுங்கள், போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கட்டும்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10-க்கு மேல் திறந்தவெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு முடித்துவிடலாம்.

எந்த மொழி, எவ்வளவு பாட்டு

தமிழில் பாட ஆசை வரும். மொழிபெயர்ப்பு தனி உரிமை. மேலே சொன்ன 52(1)(எல்) சலுகை நிகழ்த்துவதற்கு மட்டுமே, மொழிபெயர்த்துப் பாட உரிமையாளரின் அனுமதி வேண்டும். வரிக்கு வரி தமிழாக்கித் திரையில் ஓடவிடுவதும் மொழிபெயர்ப்புதான். டிக்கெட் விற்பதாக இருந்தாலும் சலுகை போய்விடும். இந்த நாடகத்துக்கு மேடை உரிமம் தருவது கன்கார்ட் தியேட்ரிகல்ஸ். தேதியைக் குறிக்கும் முன்பே அவர்களுக்கு எழுதுங்கள்.

இலவசமாக, ஆங்கிலத்திலேயே பாடுங்கள். பாட்டுக்கு நடுவே ஒரு கட்டியங்காரர் தன் சொந்தத் தமிழில் கதையைச் சொல்லட்டும். ஒரு பாட்டுக்கு 40 விநாடி போதும்: யார் பாடப்போகிறார், யாரிடம், ஏன் கோபம். கூத்திலும் பாகவத மேளாவிலும் கட்டியமும் கோணங்கியும் செய்த வேலை இது. நல்ல கட்டியங்காரர் அமைந்துவிட்டால் ஒரு சொல்கூட ஆங்கிலம் தெரியாத பாட்டியும் யூதாசுக்காக வருந்துவார்.

முழுவதையும் பாட முடியாவிட்டால் வரிசை கெடாமல் பத்து எடுங்கள்: முன்னிசை, யூதாசின் ‘ஹெவன் ஆன் தெயர் மைண்ட்ஸ்’, ‘எவ்ரிதிங்ஸ் ஆல்ரைட்’, ‘ஹோசன்னா’, ‘தி டெம்பிள்’, மரியாளின் பாட்டு, ‘கெத்செமனி’, ஏரோதுவின் பாட்டு, பிலாத்துவின் விசாரணை, ‘சூப்பர்ஸ்டார்’. இரண்டாவது பாட்டு கிட்டார் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டில், தொடங்குகிறது. அந்த ரிஃப் தெளிவாக விழுந்தால் கூட்டம் உங்கள் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் ஒத்திகை நேரத்தில் பெரும்பங்கை அதற்கே கொடுங்கள். ஏழடி ‘டெம்பிளை’க் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முதல் ஒத்திகையிலேயே தொடங்குங்கள். உச்ச சுரங்களை ஒத்திகையில் பாதிக் குரலில் மட்டும் பாடினால் போதும், வாரத்துக்கு ஒருமுறை முழுக்குரல்.

நிகழ்ச்சியன்று மாலை மூன்று மணிக்கே ஒலிச்சோதனை. முதலில் பேஸும் டிரம்ஸும், பிறகு கிட்டார், கீபோர்ட், கடைசியாகக் குரல்கள். சோதனைக்கு ‘ஹலோ மைக் டெஸ்ட்’ சொல்லாமல் விசாரணைப் பாட்டின் உச்சக்கட்டத்தை எல்லோரும் ஒருசேரப் பாடுங்கள். எல்லாக் குரலும் எல்லா வாத்தியமும் மோதும் இடம் அது. அங்கே பிலாத்துவின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை நாற்காலிக்குப் புரிகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் குரலை ஏற்றாதீர்கள், கிட்டாரை இறக்குங்கள்.